ஒரு மணிக்கு எத்தனை உழக்கு

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. அந்த ஐந்தில் நன்றாக வந்தது கணக்கு ஒன்றுதான். வராமலே இருந்திருக்கலாம்.

திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டிக்காரர் வீட்டுக் களத்தில் அம்மாவும் அத்தையும் விதைக்கு மல்லாட்டை உரித்தார்கள். வேர்க்கடலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். மெஷினில் போட்டால் பருப்பு உடைந்துபோகும். விதைக்குக் கைதான் வேண்டும். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. விழுப்புரத்தில் வாழப்போய், புருஷன் அடி தாங்காமல் வந்துவிட்டவள். அப்பா அவளிடம் ஒரே பேச்சாகச் சொல்லியிருந்தார். "வேலைக்குப் போறதா இருந்தா இங்க இரு. இல்லன்னா விழுப்புரத்துக்கே கெளம்பு."

விதைப்பு நெருங்கியது. மறுநாள் முதல் மந்தமான கைகளை நிறுத்திவிடப் போவதாக மண்டிக்காரம்மா சொன்னார். உடனே எதிரே இருந்த ஒரு அக்கா, இன்னும் வந்து சேராத அம்மாவைக் கிண்டல் செய்தாள். "அண்ணி பொழுது உச்சிக்கு ஏறுனப்புறம் வந்து ஒக்காந்துக்கினு, ஒரு மொறம் உரிச்சிட்டுப் போயிடுது. மொதல்ல அதுக்குத்தான் லீவு."

எனக்குச் சுருக்கென்றது. சோறாக்கி வைத்துவிட்டு வருவதால்தான் அம்மாவுக்கு நேரமாகிறது. மொத்தத்தைப் பார்க்காமல் மணிக்கு எவ்வளவு என்று பார்த்தால் எங்கள் அம்மாதான் முதல். ஐந்து உழக்கு அவளுக்குச் சாதாரணம். பள்ளிக்கூடத்தில் கட்டம் போட்டு அப்படிப் பார்க்கத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எழுந்து நின்று, "நான் கணக்குப் போட்டுக் காட்டறேன்" என்றேன். மண்டிக்காரம்மாவுக்குச் சிரிப்பு. "போடுடி, பாக்கலாம்" என்றார்.

களத்துச் சுவரில் கரித்துண்டால் கோடு இழுத்தேன். வீட்டுக்குள் கடிகாரம் அடிக்கும்போதெல்லாம் ஒவ்வொருவர் முறத்திலும் இருந்த பருப்பை உழக்கால் அளந்து, முன்னே இருந்ததோடு கூட்டி எழுதினேன். அத்தைக்கு முதல் மணி முடிவில் இரண்டு, அடுத்த மணி முடிவில் மொத்தம் நான்கு. பிறகு அம்மா வந்து அத்தையை ஒட்டி, முறத்தோடு முறம் இடிக்க உட்கார்ந்தாள். அதன் பின் அத்தையின் கட்டத்தில் எட்டு, பன்னிரண்டு, பதினாறு என்று ஏறியது. அம்மாவின் கட்டத்தில் மூன்று, ஆறு, ஒன்பது.

அம்மாவின் காதோரம் போய், "ஜல்தி உரிம்மா" என்றேன். அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வேலை முடிந்ததும் மண்டிக்காரம்மா சுவரண்டை வந்து நின்றார். "இன்னாடி, யாரு மந்தம்? படி."

அம்மாவின் ஒன்பதை மூன்றால் வகுத்தேன், மணிக்கு மூன்று. மற்றவர்கள் எல்லாம் நான்கு. மிச்சமிருந்தது அத்தை. பதினாறை ஐந்தால் வகுத்தால் மூன்று போய் ஒன்று மீந்தது. அந்த ஒன்றை அழித்து இருவரையும் சமமாக்கிவிடலாமா என்று இருந்தது. ஆனால் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணக்கு கணக்குதான் என்று வேறு மனசுக்குள் ஒரு திமிர்.

"எங்கம்மா" என்றேன்.

எதிரே இருந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பெத்த பொண்ணே சொல்லிட்டுது, அப்புறம் இன்னா?" அம்மா மடியில் ஒட்டியிருந்த தோலைத் தட்டிவிட்டு எழுந்தாள். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது. வீட்டுக்கு நடக்கும்போது தெரியாதவர்கள் மாதிரி அவளுக்கு முன்னால் தள்ளி நடந்தேன்.

அப்பாவுக்குச் சேதி முன்னாலேயே போயிருந்தது. அத்தையைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். அம்மாவிடம், "நாளையிலேருந்து களையெடுக்கப் போ. வெயில்ல நின்னா கை தானா வேகமாவும்" என்றார். அம்மா சரி என்றாள்.

அவர் வெளியே போனதும் அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தின் தலையைச் சீவி, உள்ளே துளைத்து மஞ்சள் வைத்தாள். அத்தை முந்தானையிலிருந்து வலது கையை எடுத்தாள். கட்டைவிரல் நகச்சுத்து வந்து, கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. அதை அம்மா பழத்துக்குள் மெதுவாகச் செருகினாள். அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள். "கத்தாத, அவரு காதுல உழப்போவுது" என்றாள் அம்மா.

நான் அடுப்பு ஓரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மணிக்கு இன்னும் ஒரே ஒரு உழக்கு உரித்திருந்தால் மானம் போயிருக்காதே என்று அம்மா மேல் கோபம். அத்தையின் விரலை நன்றாகத்தான் பார்த்தேன். அந்த விரலால் மணிக்கு நான்கு உழக்கு எப்படி வந்தது என்று கேட்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை.