சால்வென்ட் மட்டும் ஊற்றிய தட்டு

மரகதம் அக்கா நெஞ்சுவலியில் இறந்த செய்தி ஆய்வகத்தின் வாட்ஸ்அப் குழுவில் ரோஜாப்பூ படத்துடன் வந்தது. "நம் குடும்பத்தில் ஒருவர்" என்று பேராசிரியர் எழுதியிருந்தார்.

அக்காவுடன் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும், அந்தக் குடும்பத்தில் அவருக்கு ஒரு நாற்காலிகூடக் கிடையாது. புற்றுநோய்ச் செல்களை வளர்த்து, தட்டின் குழிகளில் பிரித்து, மருந்து ஊற்றியவர் அவர்தான். எந்தக் கட்டுரையிலும் அவர் பெயர் வந்ததில்லை.

சுண்ணாம்புக்குளம் பக்கம், ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் குடும்பம் அவருடையது. நான் பழவேற்காட்டுக் கடலோரக் குப்பத்துப் பெண். வீட்டின் முதல் பட்டதாரி, அந்த ஆய்வகத்தில் ஆராய்ச்சி மாணவி. பொன்னேரியில் ஒரே ரயில் ஏறுவோம். எனக்கும் சேர்த்து அவரே பேசுவார்.

இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்ததும் செல்கள் கொத்தாகச் செத்தன. பேராசிரியர் லட்டு வாங்கி வந்தார். அக்கா தொடவில்லை.

"சார், ரெண்டு மருந்தையும் சால்வென்ட்ல கரைச்சிதான் ஊத்துறோம். சேத்து ஊத்துனா சால்வென்ட்டும் ரெண்டு மடங்கு ஆவுது. அதுவே செல்ல சாவடிக்கும். ஒப்பிட்டுப் பாக்க மருந்தே இல்லாம வெச்ச கண்ட்ரோல்ல ஒரு மடங்குதான ஊத்தியிருக்கோம்?"

"மரகதம், நீ ஊத்து. யோசிக்க நாங்க இருக்கோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றும் என் மீதே அருவருப்பாக இருக்கிறது.

ரயிலில் அக்கா விடவில்லை. "இன்னாம்மா, உனக்கும் தெரியும்ல?"

"சார் கையெழுத்து போட்டாத்தான்க்கா எனக்கு பிஎச்.டி. பட்டம்."

"இறால் தடவும்போது, புடிச்சத போடுற பறிக்கூடைய பல்லால கடிச்சிக்கினு இருப்போம். அப்ப பேச முடியாது, சரி. உன் வாயில இன்னா கீது?"

மறுநாள் அவரே ஒரு தட்டில் இரண்டு மடங்கு சால்வென்ட் மட்டும் ஊற்றினார். மருந்தில்லாமலே ஏறக்குறைய அதே அளவு செல்கள் செத்தன. எண்களைத் தாளில் எழுதி என்னிடம் கொடுத்தார். "செத்த செல்லு கேள்வி கேக்காது. நாளைக்கி இத நம்பி ஊசி போட்டுக்கறவ கேப்பா" என்றார். அதற்கு முன் அக்கா நீட்டியபோது, பேராசிரியர் அந்தத் தாளைத் திரும்பியும் பார்க்கவில்லை. பழைய முடிவோடேயே கட்டுரை வெளிவந்தது.

இரங்கல் கூட்டத்தில் பேராசிரியர் சமோசாவை மென்றுகொண்டே, "எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத பெண்மணி" என்று புகழ்ந்தார்.

"பேசுனாங்க சார்" என்றேன். அறை முழுவதும் என்னைப் பார்த்தது. எழுந்து நின்றேன். சால்வென்ட் விஷயத்தை முழுவதும் சொன்னேன்.

என் பட்டம் இனி என்ன ஆகுமோ, தெரியாது. அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அவர் கையெழுத்திலான அந்த ஒரு தாள். கட்டுரையை வெளியிட்ட இதழுக்கு அதன் நகலை இன்று காலை அனுப்பிவிட்டேன். சோதனை செய்தவர் என்ற இடத்தில் மரகதம் என்று எழுதினேன்.