எங்கள் சி.இ.ஓ.வின் கால்கள்

ஆம்பூர் பைபாஸ் ரோட்டில், ஒரு டயர் கடைக்கு மாடியில் இருந்தது எங்கள் கம்பெனி. ஆண்களுக்கான தோல் செருப்பை ஆன்லைனில் விற்போம். படம் எடுத்து இணையதளத்தில் ஏற்றுவது என் வேலை.

எங்கள் சி.இ.ஓ. ஒருநாள் எல்லோரையும் கூப்பிட்டு, "சென்னைல பெரிய கம்பெனில கூப்ட்டிருக்காங்க. போறேன்" என்றார். அழுதோம். கேக் வெட்டினோம். அவர் இடத்துக்கு வந்த மேடம் வேலூர்க்காரர், பெங்களூரில் பெரிய பதவியில் இருந்தவர். இருவரும் ஒரு வாரம் அறைக்குள் உட்கார்ந்து பாஸ்வேர்டு, வங்கிக் கணக்கு, தோல் கொடுப்பவர்கள் என்று எல்லாவற்றையும் கைமாற்றிக்கொண்டார்கள். ஒன்றை மட்டும் மறந்துவிட்டார்கள்.

அவர் போனதும் புது மாடல் செருப்பு ஒன்று வந்தது. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு நிமிர்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் தளத்தில் அத்தனை படங்களிலும் செருப்பு போட்டிருந்த கால்கள் சாருடையவை. ஆரம்பத்தில் மாடலிங்குக்கு ஆள் வைக்க வசதியில்லாமல் தன் காலையே நீட்டியவர் அவர். வெடிப்பில்லாத குதிகால், வரிசையான விரல்கள். அதுவே நிலைத்துவிட்டது.

மேடத்திடம் போய்ச் சொன்னேன்.

"இதை யாரும் எங்கிட்ட சொல்லலியே" என்றார். பிறகு, "சரி, ஆபீஸ்ல இருக்கிற ஆம்பளைங்களைக் கூப்பிடுங்க."

கணக்கு பார்ப்பவரின் கட்டைவிரல் தனியாக வேறு திசையைப் பார்த்தது. பேக்கிங் பார்க்கும் பாய் காலில், பழைய செருப்பின் வாரை வெயில் அப்படியே அச்சடித்திருந்தது. எதைப் போட்டாலும் அடியில் இன்னொரு செருப்பு தெரிந்தது. கடைசியில் மாதனூரிலிருந்து என் கணவரை வரவழைத்தேன். நல்ல கால்தான். ஆனால் விரலைத் தொட்டு நேராக்கப் போனால் கூச்சத்தில் நெளிந்து சிரிக்கிறார். படமெல்லாம் கலங்கிப்போயின.

வேறு வழியில்லாமல் மேடம் பழைய சாருக்கே போன் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் காரில் வந்து இறங்கினார். அவருக்காக லீவு நாளிலும் எல்லோரும் வந்திருந்தோம். பழக்கத்தில் நேராகத் தன் அறைக்குள் நுழைந்தவர், அங்கே மேடம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து "சாரி, சாரி" என்று வெளியே வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்தார். பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு காலை நீட்டினார்.

சும்மா இருந்தாரா? "இன்னா விலை போட்ருக்கீங்க? ரொம்ப கம்மியா இருக்குதே" என்று ஆரம்பித்தார்.

விளக்கைத் தூக்கிப் பிடித்திருந்த மேடம், "சார், நீங்க காலை மட்டும் பாத்துக்கோங்க. கம்பெனியை நான் பாத்துக்கறேன்" என்றார்.

கேமரா வழியாக எனக்குத் தெரிந்தது அவர் கால் மட்டும்தான். விரல்களெல்லாம் சுருண்டுகொண்டன. கோபித்துக்கொண்டாரோ என்று பயந்து நிமிர்ந்தேன். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஆபீஸ்ல இன்னிக்குதான் மேடம் நிம்மதியா உக்காந்திருக்கேன்" என்றார்.

படம் எடுத்து முடித்து, பிரியாணி சாப்பிட்டு, அவர் கிளம்பினார். கொஞ்ச நேரத்தில் பாய் கத்தினார்: "சார் சாம்பிள் செருப்பைக் கால்ல போட்டுட்டே போய்ட்டாரு!"

ஓடிப்போய்ப் பார்த்தோம். கார் இல்லை. வாசலில் அவருடைய ஷூ மட்டும் கிடந்தது.

"போவட்டும் பாய், அவரே வெச்சிக்கட்டும்" என்றார் மேடம்.

பாய் அந்த ஷூவைத் துடைத்து, எங்கள் கம்பெனிப் பெட்டியில் வைத்து, டேப் ஒட்டி, சென்னை விலாசத்தை எழுத ஆரம்பித்தார்.