மசுயோ அக்காவும் மஞ்சள் மருந்தும்

எங்கள் பண்ணையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: குட்டி போடாத குதிரைக்குத் தீனி கிடையாது. வயதான ஹயாசே இரண்டு குளிர்காலம் தொடர்ந்து சினை கலைந்து குட்டியை வீசிவிட்டது. மூன்றாவதும் போனால் லாரியில் ஏற்றிவிடுவேன் என்று முதலாளி குரமோச்சி சொல்லிவிட்டார். லாரி ஏறிய குதிரை எதுவும் எங்கள் ஹிதகா ஊருக்குத் திரும்பி வந்ததில்லை.

அந்த ஹயாசேயைக் கவனிக்கும் வேலை மசுயோ அக்கா தலையில் விழுந்தது. முப்பது வருஷமாக இதே லாயத்தில் லத்தி அள்ளுகிறவள். பனி உறைந்த காலைகளில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, வயிற்றுக்கடியில் கையை விட்டு மடியைத் தொட்டுப் பார்ப்பாள். காலத்துக்கு முன்னே மடி இறங்கினால் ஆபத்து. ஜனவரியிலேயே இறங்கிவிட்டது.

டாக்டர் ஸ்கேன் வைத்துப் பார்த்தார். நஞ்சுக்கொடி தடித்திருக்கிறதாம். ஊசி போட்டுவிட்டு, தினமும் வாயில் ஊற்ற மஞ்சள் எண்ணெய் மருந்து ஒன்றும் கொடுத்தார்.

"பொம்பளைங்க கையில படக்கூடாது. மாசக் கணக்கு தப்பிடும்."

முதலாளியின் மருமகள் கனாதே சட்டென்று பின்னால் நகர்ந்தாள். நான் ஊற்றப் போனேன். ஹயாசே என் தோளைக் கடித்து வைத்தது. எல்லார் கண்ணும் மசுயோ அக்கா மேல் திரும்பியது.

"அக்காவுக்கென்ன, இனிமே பயமில்லையே" என்று பல்லைக் காட்டினார் முதலாளி.

"ஆமா, என் கடையைச் சாத்தி எவ்வளவோ நாளாச்சு. குடுங்க."

எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

ஒரு மத்தியானம் நானும் அக்காவும் லாய வாசலில் உட்கார்ந்து சோற்று உருண்டை தின்றுகொண்டிருந்தோம்.

"டாக்டர் வாரம் தவறாம வராரு. தீனி எடுத்தாளான்னு முதலாளியே போன் போட்டுக் கேக்கறாரு" என்றாள். "எனக்கு மூணு கலைஞ்சுது தம்பி. ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல. ஒவ்வொரு தடவையும் மறுவாரமே லத்தி அள்ள வந்துட்டேன்."

"குதிரை மேல பொறாமையாக்கா?" வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"ஆமாடா, பொறாமைதான்." மென்றபடியே சொன்னாள். "அதுக்காக அவ வயித்துல இருக்கறதை விட்டுடுவேனா?"

விடவில்லை. ஏப்ரலில் குட்டி பிறந்தது. எலும்பும் தோலுமாக இருந்தாலும் எழுந்து நின்றது, பால் குடித்தது. முதலாளி சந்தோஷத்தில் எல்லாருக்கும் சாக்கே மது ஊற்றிக் கொடுத்தார். அக்கா கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே வைக்கோல் கட்டின் மேல் தூங்கிப்போனாள்.

அடுத்த வாரமே முதலாளி வேனோடு வந்து நின்றார். குட்டி போட்ட சூட்டோடு சேர்த்தால் மறுபடி சினை பிடிக்கும் என்பது அவர் கணக்கு.

"ஹயாசேயை ஏத்துங்க. ஆண் குதிரைக்குச் சொல்லி வச்சாச்சு."

மசுயோ அக்கா லாயக் கதவில் சாய்ந்து நின்றாள். நகரவில்லை.

"இந்த வருஷம் அவளுக்கு லீவு."

"யாரு குடுத்தது?"

"நான்தான்."

"லீவு அவளுக்கா, உங்களுக்கா?" முதலாளி சிரித்தார்.

"எனக்கு யாரு குடுத்தா? அவளுக்காவது கிடைக்கட்டும்."

முதலாளியின் சிரிப்பு நின்றுவிட்டது. என்னைப் பார்த்து, "நீ கூட்டிட்டு வாடா" என்றார். நான் கையிலிருந்த கயிற்றை ஆணியில் மாட்டிவிட்டு, அக்கா பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். வேன் காலியாகத் திரும்பிப் போனது.