மச்சானின் வண்டிக்கு நான் ஊற்றிய எண்ணெய்

இந்தப் பயணத்தைப் பற்றி எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் பழைய வண்டியை மலையேற்ற நினைக்கிற யாரும் நான் அடித்த கூத்தை அடித்துவிடக் கூடாது.

வண்டி 1974 மாடல், 350 சிசி மோட்டார் சைக்கிள். என் மனைவியின் அண்ணன் செல்வத்துடையது. மூணாறு பக்கம் சித்திரபுரத்தில் இருக்கிறார், தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். முட்டி தேய்ந்து கிக்கரை உதைக்க முடியாமல் போனதும் வண்டியை என்னிடம் கொடுத்தார். கேட்டது இரண்டுதான். நாற்பதாம் நம்பர் என்ஜின் எண்ணெயைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது. வருடத்துக்கு ஒருமுறை கொண்டுவந்து, அவரைப் பின்னால் உட்காரவைத்து மூணாறு வரை ஒரு சுற்று போக வேண்டும்.

போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, காலை எட்டு மணிக்குக் கோபாலபுரத்திலிருந்து கிளம்பினேன். பொள்ளாச்சி பதினைந்து கிலோமீட்டர். எண்ணெய் மாற்ற அங்கே நின்றேன். ஒரு வாரமாக வீடியோ பார்த்துப் பெரிய மேதாவி ஆகியிருந்தேனே! லிட்டர் 780 ரூபாய் சிந்தெடிக் எண்ணெயில் இரண்டு டப்பா கேட்டேன்.

கடைக்காரர் தயங்கினார். "ஏனுங்க, இது இந்தக் காலத்து வண்டிக்கு ஊத்துறதுங்க. உங்குளுக்கு நாப்பதே போதுமுங்க."

"மலை ஏறோணுமுங்க. நல்லதாவே குடுங்க" என்றேன்.

உடுமலை தாண்டிச் சின்னாறு வரை வண்டி பஞ்சு போல ஓடியது. மச்சானுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சிரித்துக்கொண்டேன். மறையூருக்கு எட்டு கிலோமீட்டர் இருக்கும்போது, ஏற்றத்தில் அடியிலிருந்து கடகடவென்று சத்தம். பிறகு ஒரே இடி, பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. காய்கறி வேன்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டுபோய் மறையூர் மெக்கானிக்கிடம் இறக்கினார்.

மெக்கானிக் எண்ணெயை வடித்தார். கட்டிகட்டியாகக் கறுப்புக் கசடு விழுந்தது.

"இத்தனை வருஷத்துக் கசடு சார். நீங்க ஊத்துனது அதக் கழுவிவிட்டு எண்ணெய் போற வழிய அடைச்சிருச்சு. ஃபில்டர் சரியா இல்லாத வண்டிக்கு இத ஊத்தலாமா? உள்ள ராடு உடைஞ்சு என்ஜின் கூட்டையும் பொளந்திருச்சு. இனி ஒண்ணும் செய்ய முடியாது."

வண்டியை ஏற்றிப்போகப் பிக்கப் வேன் வாடகை 3,500. சித்திரபுரம் போய்ச் சேர மாலை ஐந்து. மச்சான் சுற்றுக்குத் தயாராக ஜெர்க்கின் போட்டு, தலையில் மப்ளர் சுற்றி, பள்ளிவாசல் ஊர்த் திருப்பத்திலேயே நின்றிருந்தார். பிக்கப்பின் பின்கதவைத் திறந்து வண்டியைக் காட்டினேன்.

பிளந்த இடத்தில் கைவைத்துப் பார்த்தார். "நாப்பதுதான ஊத்துனீங்க மாப்ள?"

"ஆமாங்க மச்சான்."

எப்படி வந்தது அந்த வார்த்தை? இன்றுவரை தெரியவில்லை.

இதே வழியில் பழைய வண்டியில் போகிறவர்களுக்கு: முந்தைய ஆள் ஊற்றிய எண்ணெயையே ஊற்றுங்கள். மாற்றியே தீர வேண்டுமென்றால் முதலில் என்ஜினைப் பிரித்துக் கழுவுங்கள். உடுமலையிலேயே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள். சின்னாறு காட்டுவழியைப் பகலிலேயே கடந்துவிடுங்கள்.

உங்களிடம் சொல்லிவிட்டேன். மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை. மறுநாள் காலை ஏழே காலுக்குப் பேருந்து ஏற்றிவிட, முட்டி வலியோடு ரோடு வரை நடந்து வந்தார்.

"எல்லாரும் புது எண்ணெய்க்கு மாறிட்டாக, நாந்தான் பிடிவாதமா நாப்பதுன்னே நின்னேன். எம் பேச்சக் கேட்டு நடுக்காட்டுல நின்னுட்டீங்க. மன்னிச்சிருங்க மாப்ள" என்றார்.

"பரவாயில்லீங்க மச்சான்" என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறினேன்.