இரண்டு ஊருக்கும் ஒரே ஞாயிறு

நோன்புக்கு முந்திய கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்கள் பகுதியில் யாரும் கல்யாணம் வைக்கமாட்டார்கள். தைக்கத் தந்த சட்டையைக் கேட்டு என் வாசலுக்கும் வரமாட்டார்கள். அன்று சிரமதானம். ஆண்கள் பள்ளிவாசலையும் அடக்கம் செய்யும் மையவாடியையும் துப்புரவாக்குவார்கள். பெண்களுக்கு மதரசாவும் அதைச் சுற்றிய வளவும். பாய்களைக் கழுவிக் காயப்போட வேண்டும், தண்ணீர் ஓடும் கானில் அடைத்துக் கிடக்கும் பைகளை இழுத்தெடுக்க வேண்டும், நோன்புக் கஞ்சி காய்ச்சும் கிடாரங்களைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டும். பகல் லுஹர் தொழுத பிறகு சஹன் வைப்பார்கள். ஒரு பெரிய தட்டில் சோறு, மேலே இறைச்சி, சுற்றி ஆறு பேர். காலையில் யார் யாரோடு வாய்த்தர்க்கம் பட்டிருந்தாலும் அந்தத் தட்டில் கை வைத்தால் சரி.

இந்த ஞாயிறு நாங்கள் இப்போது இருக்கும் தில்லையடியில் பிறந்ததில்லை. தொண்ணூறில் மன்னார்ப் பக்கத்திலிருந்து உடுத்த உடுப்போடு விரட்டப்பட்டு வந்த எங்கள் சனம் கூடவே கொண்டுவந்தது. முதலில் ஆலங்குடாவில் ஓலைக் கொட்டில்களில் இருந்தபோதும் அந்த நாளில் கூட்டிப் பெருக்கினோம். பெருக்க என்ன இருந்தது, மணல்தான். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, என் அக்கா, ராத்தாவோடு கற்பிட்டி வெங்காயத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனேன். உம்மா நோயாளி. எனக்கு உம்மா செய்ய வேண்டியதில் பாதியை ராத்தாதான் செய்தார்.

சஹனில் ராத்தா எப்போதும் எனக்கு இடப்பக்கம் உட்காருவார். பேசிக்கொண்டே, யாருக்கும் தெரியாமல், தன் பக்கத்து இறைச்சித் துண்டைச் சோற்றுக்குள்ளால் என் பக்கம் தள்ளிவிடுவார். தெரியாமல் என்று அவர்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தா, இறைச்சிக்குக் கால் முளைச்சிட்டு. தங்கச்சி பக்கம் நடந்து போகுது" என்று எதிரில் இருப்பவர்கள் சிரிப்பார்கள்.

"அவள் வளர்ற புள்ள" என்பார் ராத்தா. அப்போது எனக்கே இரண்டு பிள்ளைகள்.

நாட்டில் சண்டை முடிந்த பிறகு, தன் கணவரின், அதாவது மச்சானின், காணியைத் துப்புரவாக்கிக் குடியிருக்க ராத்தா ஊருக்குத் திரும்பிவிட்டார். நான் கட்டிய மாப்பிள்ளை புத்தளத்துக்காரர், உப்பளத்தில் வேலை. நான் இங்கேயே. அந்த வருடம் சஹனில் எனக்கு இடப்பக்கம் வேறொருவர் உட்கார்ந்தார். நல்ல மனுசி. ஆனால் அவருடைய முழங்கை என் முழங்கையில் பட்டபோதெல்லாம் ராத்தா என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன்.

"சிரமதானத்துக்காவது வாங்களேன் ராத்தா" என்று வருடா வருடம் போனில் கேட்பேன்.

"எப்புடி வாற? இங்கயும் அண்டைக்குத்தானே புள்ள."

ஆமாம். திரும்பிப் போனவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு அந்த ஞாயிறையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு ஊரும் ஒரே நாளில் விளக்குமாறு தூக்கினால் யார் யாரிடம் போவது? பெருநாளுக்கு, யாராவது மவுத்தானால் என்று நாங்கள் பார்த்துக்கொண்டதுண்டு. அவையெல்லாம் ஓடி வந்து ஓடிப் போகிற பயணங்கள். எனக்கு வேண்டியிருந்தது கை கறுத்து, இடுப்பு நொந்து, பிறகு அவர் பக்கத்தில் சம்மணம் கட்டி உட்காருகிற அந்த ஒரு பகல்.

போன வருடம் மகளிர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றுவிட்டேன். கூட்டத்தில் கதைத்துப் பழக்கமில்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, சிரமதானத்தை ஒரு கிழமை முந்திய ஞாயிறுக்கு எடுக்க ஏலுமா என்று கேட்டேன். ஏன் என்றார்கள். ராத்தாவின் ஊரிலும் அன்றைக்குத்தான், நாள் மாறினால் நான் அங்கே போய் அவரோடு நிற்பேன் என்றேன்.

"ஒரு ராத்தாக்காக ஊர் நாளையே மாத்தச் சொல்றா பாருங்க" என்றார் ஒருவர்.

இன்னொருவர் பதறிப்போனார். "மாத்திடாதீங்க! என்ட மாமியும் அங்கதான். இந்த நாளைச் சாட்டுச் சொல்லித்தான் நான் போகாமத் தப்பிக் கொண்டிருக்கன்."

சிரிப்பு அடங்கியதும், சங்கத்தை நடத்துகிற டீச்சர் என்னைப் பார்த்தார். "நீ இத்தினை வருஷத்தில ஒண்டும் கேட்டதில்லையே. பள்ளிக் கமிட்டியிட்ட கேட்டுப் பாக்கிறன்." இரண்டு நாளில் சம்மதம் வந்தது. ஒரு கிழமை முன்னுக்கு வைத்தால் கழுவிய பாய்கள் நோன்புக்குள் நன்றாகக் காய்ந்துவிடுமாம்.

ராத்தாவிடம் நான் சொல்லவில்லை. ஒன்றை வாய்விட்டுச் சொன்னால் அது நடக்காது என்ற பயம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் வரலாம், பஸ் ஓடாமல் போகலாம், நான் வருவதாகச் சொல்லி அவர் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்று ஏமாந்துவிடலாம். திடீரென்று போய் அவர் பக்கத்தில் நின்று கிடாரத்தைப் பிடித்துக்கொள்வோம் என்று நினைத்தேன்.

எங்கள் சிரமதானம் முடிந்த ஞாயிறு பின்னேரம் ராத்தா போன் எடுத்தார்.

"இண்டைக்கு என்ன செஞ்ச?"

"சும்மா, வீட்டு வேலை. நீங்க?"

"நானும் சும்மா வீட்டதான்."

அடுத்த ஞாயிறு, அதாவது பழைய நாளில், பிள்ளைகளை மாமியிடம் விட்டுவிட்டு விடியற்காலையிலேயே வெளிக்கிட்டேன். ஒழுங்கை முடிந்து பெரிய வீதி வரும் இடத்தில் காஸ் அடுப்பை மூடினேனா என்று சந்தேகம் வந்தது. திரும்பிப் போய்ப் பார்த்தேன், மூடித்தான் இருந்தது. மறுபடி பாதித் தூரம் வந்ததும், பார்க்கப் போன அவசரத்தில் கதவைப் பூட்டினேனா என்று. அதற்கும் திரும்பினேன். புத்தளம் பஸ் நிலையத்துக்கு வந்து சேர, முதல் பஸ் போய்விட்டிருந்தது. என்னையே ஏசிக்கொண்டு வாங்கில் உட்கார்ந்தேன். இனிப் போனால் சஹன் முடிந்துவிடும். கிடாரம் கழுவவாவது போய்ச் சேரலாம் என்று அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தேன்.

அனுராதபுரம் சுற்றி வருகிற மன்னார் பஸ் வந்து நின்றது. முதலில் ஒரு கருவாட்டுப் பார்சல் இறங்கியது. அதன் பின்னால் ராத்தா இறங்கினார்.

"எங்க புள்ள போற, பையும் தூக்கிக்கொண்டு?"

"உங்கட சிரமதானத்துக்கு. நீங்க எங்க இங்க?"

"உங்கட சிரமதானத்துக்கு."

"எங்கட போன கிழமை முடிஞ்சிச்சே! நான் சொல்லி நாளை மாத்தினது."

ராத்தா பார்சலைக் கீழே வைத்தார். "எங்கடயும் போன கிழமை. நானும் மச்சானும் வீடு வீடாப் போய்க் கெஞ்சி மாத்தினது."

"ஏன் ராத்தா எனக்குச் சொல்லல்ல?"

"சொன்னா நீ சும்மா இருப்பியா? ஆனை மறிச்சிதா, பஸ் புரண்டிச்சா எண்டு என்ட உசிரை எடுத்திருப்பாய்."

பஸ்காரர் எட்டிப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் நடு வழியில் நின்று, முகத்தை முந்தானையால் பொத்திக்கொண்டு சிரித்தோம். முதலில் சிரிப்புத்தான். நான் முதல் பஸ்ஸைப் பிடித்திருந்தால் நடுவழியில் எங்கேயோ ஒருவரையொருவர் தாண்டிப் போயிருப்போம் என்று நினைத்ததும் ராத்தாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மதரசாவில் துடைக்க ஒன்றுமில்லை. பாய்களெல்லாம் கழுவிச் சுருட்டியாகிவிட்டது. ஆனாலும் ராத்தா விடவில்லை. டீச்சரிடம் திறப்பு வாங்கிக் கதவைத் திறந்து, காய்ந்த வளவை மறுபடி கூட்டினோம். அவர் அந்தப் பக்கமிருந்து, நான் இந்தப் பக்கமிருந்து. டீச்சரிடமே ஒரு சஹன் தட்டும் கேட்டு வாங்கினேன். "ரெண்டு பேருக்கா?" என்றார், கொடுத்தார். சோறு ஆக்கி, அவர் கொண்டுவந்த கருவாட்டைப் பொரித்தேன். ஆறு பேருக்கான தட்டில் இரண்டு பேர். நடுவில் சோறு சிறுத்து, தட்டின் ஓரமெல்லாம் வெறுமையாகத் தெரிந்தது. எதிரில் உட்காரலாமே என்றேன். ராத்தா கேட்காமல் எனக்கு இடப்பக்கமாகத்தான் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் சோற்றுக்குள்ளால் ஒரு கருவாட்டுத் துண்டு என் விரலில் இடித்தது. பார்த்துச் சிரிக்கத்தான் எதிரில் ஆளில்லை.

ஆடுகளை மச்சான் ஒருவரால் பார்க்க ஏலாது என்று பின்னேர பஸ்ஸிலேயே போய்விட்டார்.

முன்னுக்கு எடுத்த நாள் எல்லாருக்கும் வசதியாகப் போய்விட்டது, இங்கேயும் அங்கேயும். இந்த வருடமும் இரண்டு ஊரும் ஒரே ஞாயிறில் கூட்டிப் பெருக்கி, ஒரே நேரத்தில் சஹனில் உட்கார்ந்தன. ஆளுக்கொரு கூட்டத்தில் நாங்கள். மறுபடி மாற்றச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நாளைக்குப் பழைய ஞாயிறு. இந்த முறை நான்தான் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். ராத்தாவுக்கு முழங்கால் வருத்தம். காஸை இன்று பகலே மூடியாகிவிட்டது, இரவுக்குக் கடையில் வாங்கிய பாண். முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் முன்புதான் போன் எடுத்து, "நீங்க வீட்டதானே நிக்கிறீங்க? வெளிக்கிட்டுடாதீங்க" என்று கேட்டேன்.

"ஓம் புள்ள, நான் சும்மா வீட்டதான்" என்றார்.

போன வருடமும் இதே குரலில்தான் சொன்னார். முதல் பஸ்ஸில் போவதா, கொஞ்சம் பிந்திப் போவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.