மூக்கருக்கு அடித்த கிராம்பு வாசம்

அந்தச் சிறிய பீர் ஆலையில் ருசி பார்த்துச் சொல்பவருக்கு மூக்கர் என்றுதான் பெயர். எதையும் நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் உத்தியோகத்துக்கே இழுக்கு என்று நினைப்பவர். கல்யாணத்தன்று குடிக்கத் தந்த தண்ணீரிலேயே குழாய்த் துரு வாசம் கண்டுபிடித்து மாமனார் முகத்தைச் சுண்ட வைத்தவர்.

அன்று ஆலைக்காரர், மாதக்கணக்கில் குளிரில் வைத்துப் பக்குவப்படுத்திய கறுப்பு லாகர் பீரை நீட்டினார். நல்ல காட்டமான சரக்கு. மூக்கர் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்தார், நுரையை முகர்ந்தார், ஒரு வாய் விழுங்கினார். முகம் அஷ்டகோணலானது.

"கிராம்பு வாசம் அடிக்குது. லாகர்ல அது வரவே கூடாது. வேண்டாத ஈஸ்ட் ஏதோ புகுந்திருக்கு. மொத்தத்தையும் சாக்கடையில ஊத்துங்க."

ஆலைக்காரர் ஒரு கிளாஸ் பிடித்தார். தானும் குடித்துப் பார்த்தார். வறுத்த பார்லி மால்ட்டின் கசப்பும் பாகின் இனிப்பும்தான் தெரிந்தன. ஆனால் மூக்கர் பேச்சுக்கு அப்பீல் ஏது? தொட்டியின் அடிக்குழாயைத் திறக்கப் போனார்.

அப்போது மேசைமேல் போன் அடித்தது. மூக்கர் ஸ்பீக்கரைத் தட்டினார்.

"ஏங்க, பல்வலி தேவலையா? கடைவாயில வெச்சுவிட்டேனே கிராம்பு, அதைத் துப்பினீங்களா இல்லையா?" என்றாள் மனைவி.

ஆலைக்காரர் குழாயிலிருந்து கையை எடுத்தார். மூக்கர் கிராம்பைத் துப்பினார், வாய் கொப்பளித்தார், இன்னொரு கிளாஸை நிதானமாகக் குடித்து முடித்தார்.

"பீர்ல குறை இல்ல. கிராம்புதான் பழசு."

போன் இன்னும் ஆனில்தான் இருந்தது.

"வீட்டுக்கு வாங்க," என்றது. "மிச்சப் பல்லையும் கவனிச்சுக்கறேன்."