செமோர் குறிப்பேட்டின் நீலக் கோடுகள்

காலை 9.40. மலேசியாவின் ஈப்போ நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கியபோது நான் சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன். செமோரிலிருந்து ஜெயந்தி என்பவர் அனுப்பிய மின்னஞ்சல் அப்படி: "உங்க கணக்குல பாதி மரம் தப்பு. நேர்ல வாங்க, காட்டுறேன்."

பால்மரங்கள், அதாவது ரப்பர் மரங்கள், எவ்வளவு கார்பனைப் பிடித்து வைக்கின்றன என்று கணக்கிடுவது என் வேலை. செமோர் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பழைய மரச் சுற்றளவுக் குறிப்பேடு எனக்கு நகலாகக் கிடைத்தது. கணக்குப் போட்டு, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் ஏற்றினேன். மூன்று நாட்டு ஆய்வாளர்கள் எடுத்தும்விட்டார்கள். அது தப்பென்றால் அவர்கள் கணக்கும் கவிழும். அதனால்தான் கோலாலம்பூர் கருத்தரங்கு முடிந்த கையோடு இங்கே வந்தேன்.

9.55. செமோருக்கு ஏறக்குறைய பதினாறு கிலோமீட்டர். வாடகைக் காருக்கு இருபத்திரண்டு ரிங்கிட். "தோட்டமா அண்ணே? அங்க இப்போ வீடுங்கதான் இருக்கு லா. மரம் ஒண்ணுகூட இல்ல" என்றார் ஓட்டுநர். மரமே இல்லையென்றால் திரும்ப அளப்பது எப்படி?

10.30. ஜெயந்தி அக்காவின் வீடு. அவர் இப்போது கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். ஒரு காலத்தில் தோட்டத்தில் மரம் அளந்த நான்கு பெண்களில் ஒருவர். என் இணையப் பக்கத்தை அவருடைய மகள் தற்செயலாகப் பார்த்துக் காட்டியிருக்கிறாள்.

"எல்லா மரத்தையும் நெஞ்சு உயரத்துல அளந்தோம்னு போட்டிருக்கீங்க. யாரு சொன்னா?"

"உலகம் பூரா அப்படித்தானே அளப்பாங்க?" என்றேன் விறைப்பாக.

"உலகம் எங்க தோட்டத்துக்கு வரலியே!" என்று சிரித்தார். "ஒட்டுக் கட்டி வளர்த்த மரம்னா நீங்க சொல்றது சரி. விதையில முளைச்ச மரம் அடி பருத்து, மேல ஒல்லியா போகும். முழங்கால் உயரத்துலதான் பால் வெட்டத் தொடங்குவோம். டேப்பும் அங்கதான் சுத்துவோம்."

தோட்டம் மூடியபோது பத்திரப்படுத்திய அசல் குறிப்பேட்டை எடுத்து வந்து வைத்தார். ஒட்டு மரங்களின் அளவுகளுக்குக் கீழே மெல்லிய நீலப் பென்சில் கோடு. விதை மரங்களின் அளவுகளுக்குக் கோடே இல்லை. என் கறுப்பு வெள்ளை நகலில் அந்த நீலம் விழவேயில்லை. பருத்த அடியை நெஞ்சு உயரத்துச் சுற்றளவாக எடுத்து, இல்லாத கார்பனையெல்லாம் கூட்டி வைத்திருக்கிறேன்! குமரி மாவட்டக் குலசேகரத்து ரப்பருக்கு நடுவில் வளர்ந்தவன் நான். நான் பார்த்ததெல்லாம் ஒட்டு மரம், அதனால் கேட்கவே தோன்றவில்லை.

பிற்பகல் 1.00. "சாப்பிட்டுட்டுச் செய்யலாம், வாங்க" என்று மீன் கறியும் சோறும் போட்டார். பிறகு அவர் பக்கம் பக்கமாக வாசிக்க, நான் திருத்தினேன். கோபித்துக்கொண்டு வந்தவனுக்கு இப்படி ஒரு உபசாரம். எனக்குக் கூச்சமாக இருந்தது.

3.15. திருத்திய கணக்கை ஏற்றி, மூன்று ஆய்வாளர்களுக்கும் தவறை எழுதி அனுப்பினேன்.

"எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலக்கா."

"அதெல்லாம் வேணாம் லா. அளந்தவங்க பேரு போட்டிருக்கீங்களா?"

போடவில்லை. என் பெயர் மட்டும்தான் இருந்தது. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: ஜெயந்தி, மேரி, பார்வதி, செல்லம்மா. கடைசிப் பெயரில் அவர் குரல் இறங்கியது.

"செல்லம்மா இப்போ இல்ல. ஆனா போடுங்க. அது பிடிச்சாதான் டேப்பு தொங்காது."

5.10. ரயில் கிளம்பியதும் குலசேகரத்தில் என்னோடு வேலை செய்யும் நண்பரை அழைத்தேன்.

"நம்ம மரங்கள அளந்தது யார் யாரு?"

"கூலிக்கு வந்தவங்க. பேரு தெரியாதே."

"அப்போ நாளைக்கே போய்க் கேளுங்க" என்றேன். "பேரையும் கேளுங்க, எங்க வச்சு அளந்தாங்கன்னும் கேளுங்க."